பசும்புல்லின் நடுவே பட்டினி: நியூசிலாந்துப் பசுக்களின் கருவளமும் மண்ணின் குறைகளும்

இலங்கையின் பலசரக்குக் கடைகளில் தலைமுறை தலைமுறையாக விற்பனையாகி வரும் பால்மாவின் பெரும்பகுதி நியூசிலாந்திலிருந்து வருவது. பசும்புல் வெளி என்றாலே நியூசிலாந்துதான் என்ற எண்ணத்தோடு வளர்ந்த நேயர்களுக்கு, அந்நாட்டின் வடக்குத் தீவின் நடுப்பகுதியில் 1930கள் வரை மாடு வளர்ப்பது ஏறத்தாழ இயலாத காரியமாக இருந்தது என்பது வியப்பளிக்கலாம். புல் இருந்தது, தண்ணீர் இருந்தது, மழைக்கும் குறைவில்லை. ஆனாலும் முழங்கால் அளவுப் புல்லில் நின்றபடியே மாடுகள் எலும்பும் தோலுமாகி இறந்தன.

கறவை மாடுகளுக்கான ஊட்டச்சத்துச் சேர்க்கைகள் இன்று உலகெங்கும் பெரும் வணிகமாகிவிட்டன. நலம் பெருகும், பால் பெருகும், சினை தவறாது பிடிக்கும் என்ற மூன்று வாக்குறுதிகளும் பெரும்பாலும் ஒரே பொட்டலத்தில் விற்கப்படுகின்றன. நியூசிலாந்தின் நூறாண்டு அனுபவத்தைப் பார்க்கும்போது இந்த வாக்குறுதிகளைச் சற்று நிறுத்தி ஆராய வேண்டியிருக்கிறது. அங்கு பலன் தந்த ஒவ்வொரு சேர்க்கையும், குறிப்பிட்ட ஒரு நிலத்தில் குறிப்பிட்ட ஒரு பொருள் இல்லை என்பது, அல்லது அங்குள்ள குறிப்பிட்ட ஒரு நஞ்சு கண்டறியப்பட்ட பின்பே பலன் தந்தது. அதுவரை கொடுக்கப்பட்டவை பணத்தையும் காலத்தையும் விழுங்கின.

எண்பத்து மூன்று நாள் கணக்கு

பசுவின் சினைக் காலம் சுமார் 282 நாட்கள். நியூசிலாந்தின் பெரும்பாலான பண்ணைகளில் மந்தை முழுவதும் ஒரே பருவத்தில், குளிர்காலம் முடிந்து புல் துளிர்க்கும் ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலத்தில் கன்று ஈனுமாறு திட்டமிடப்படுகிறது. அதாவது, ஒரு பசு அடுத்த ஆண்டும் அதே நாளில் ஈன வேண்டுமானால், ஈன்ற 83 நாட்களுக்குள் மீண்டும் சினை பிடித்தாக வேண்டும். அந்த இடைவெளிக்குள் கருப்பை பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும், பசு பருவத்துக்கு வர வேண்டும், கருவும் தங்க வேண்டும்.

இனச்சேர்க்கைப் பருவம் தொடங்கிய முதல் ஆறு வாரங்களில் மந்தையின் 78 சதவீதப் பசுக்கள் சினையாக வேண்டும் என்பது அந்நாட்டுப் பால்பண்ணைத் துறை வைத்திருக்கும் இலக்கு. தேசிய சராசரி இதற்குக் கீழேயே இருந்து வந்துள்ளது. பருவ முடிவில் சினை பிடிக்காத பசு பெரும்பாலும் இறைச்சிக்கூடத்துக்கு அனுப்பப்படுகிறது. எனவே அங்கு ஒரு தாதுப் பொருளின் குறைபாடு என்பது பசுவின் உயிரையும் பண்ணையின் கடனையும் தொடுகின்ற விடயம்.

இரும்பு என்று நம்பப்பட்ட கோபால்ட்

சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன் டௌப்போ எரிமலை வெடித்ததில் வடக்குத் தீவின் நடுப்பகுதி முழுவதும் நுரைக்கல் சாம்பல் படிந்தது. ஐரோப்பியக் குடியேறிகள் அங்கிருந்த காட்டை அழித்துப் புல் விதைத்தபோது அது நன்றாகவே வளர்ந்தது. ஆனால் அதை மேய்ந்த மாடுகளும் ஆடுகளும் சில மாதங்களில் பசியிழந்து, இரத்தம் குன்றி, மெலிந்தன. பசுக்கள் பருவத்துக்கு வருவது நின்றது. காடு வெட்டிய நிலங்களில் கண்டதால் இதற்குக் 'காட்டு நோய்' என்று பெயரிட்டனர். இது தொற்றுநோய் அன்று என்பதற்கு ஒரு தெளிவான சான்று இருந்தது. நோயுற்ற மாட்டை வேறு மண்ணுள்ள நிலத்துக்கு ஓட்டிச் சென்றால் அது தேறிவிடும். திரும்பக் கொண்டுவந்தால் மீண்டும் மெலியும்.

வேளாண்மைத் துறையின் வேதியியலாளர் பெர்னார்ட் ஆஸ்டன், இரத்தசோகையைக் கண்டு, இது இரும்புச் சத்துக் குறைபாடு என்ற முடிவுக்கு வந்தார். லிமோனைட் என்ற இரும்புக் கனிமத்தை மாடுகள் நக்கக் கொடுத்தபோது பல இடங்களில் அவை தேறவும் செய்தன. ஆனால் சில இடங்களில் கிடைத்த லிமோனைட் குணமளித்தது. வேறிடத்திலிருந்து வந்தது பலனளிக்கவில்லை. இரண்டிலும் இரும்பு இருந்தது. ஒரு கொள்கை ஓரளவு பலன் தந்துவிட்டால் அதைக் கைவிடுவது அரசுத் துறைகளுக்கு எவ்வளவு கடினம் என்பதை அரசியல் படித்தவர்கள் அறிவார்கள். இரும்புக் கோட்பாடு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்தது.

முடிச்சு அவிழ்ந்தது ஆஸ்திரேலியாவில். மேற்கு ஆஸ்திரேலியாவிலும் இதே போன்ற மெலிவு நோய் இருந்தது. அங்கு எரிக் அண்டர்வுட், ஜான் ஃபில்மர் ஆகிய இருவரும் லிமோனைட்டிலுள்ள பொருட்களை ஒவ்வொன்றாகப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தனர். இரும்பை நீக்கிய பகுதியும் குணமளித்தது. அதற்குக் காரணம் அதில் மிகச் சிறிதளவு கலந்திருந்த கோபால்ட் என்பதை 1935இல் அவர்கள் வெளியிட்டனர். தெற்கு ஆஸ்திரேலியாவில் ஹெட்லி மார்ஸ்டனின் குழுவினரும் அதே காலத்தில் அதே முடிவை எட்டியிருந்தனர். நியூசிலாந்தின் நெல்சன் நகரிலுள்ள காத்ரான் ஆய்வு நிறுவனம் அடுத்த சில ஆண்டுகளில் தன் நாட்டு மண்ணிலும் இதை உறுதிப்படுத்தியது. சூப்பர் பாஸ்பேட் உரத்தோடு சிறிது கோபால்ட் உப்பைக் கலந்து மேய்ச்சல் நிலத்தில் தூவும் வழக்கம் இவ்வாறு தோன்றியது.

தேவைப்படும் அளவைக் கேட்டால் நம்புவது கடினம். ஒரு கிலோ உலர் தீவனத்தில் 0.1 மில்லிகிராம் போதும். நாளொன்றுக்கு 15 கிலோ உலர் தீவனம் உண்ணும் பசுவுக்கு ஓராண்டு முழுவதற்கும் வேண்டிய கோபால்ட் ஒரு கிராமில் பாதிதான். இவ்வளவு சிறிய பொருள் என்ன செய்கிறது என்பது 1948இல், பி12 வைட்டமின் பிரித்தெடுக்கப்பட்டு அதன் நடுவில் கோபால்ட் அணு இருப்பது தெரிந்தபோது விளங்கியது. பசுவின் முதல் வயிற்றிலுள்ள நுண்ணுயிர்கள் கோபால்டைக் கொண்டு இந்த வைட்டமினை உருவாக்குகின்றன. அது இல்லாவிட்டால், வயிற்றில் செரிக்கும் புல்லிலிருந்து கிடைக்கும் அமிலங்களை ஆற்றலாக மாற்றப் பசுவின் உடலால் இயலாது. நிறைந்த வயிற்றோடு பட்டினி கிடந்ததன் பொருள் இதுவே.

மாடு வாழாத நிலம் என்று ஒதுக்கப்பட்ட பகுதிகளில் அரசு 1920களிலும் 1930களிலும் பைன் மரங்களை நட்டது. தென் அரைக்கோளத்தின் மிகப்பெரிய நடவுக் காடுகளுள் ஒன்றான கைங்கரோவா இவ்வாறு உருவானதே. 2000க்குப் பிறகு டௌப்போ வட்டாரத்துப் பைன் காடுகளில் ஒரு பகுதி வெட்டப்பட்டுப் பால்பண்ணைகளாக மாற்றப்பட்டது.

நஞ்சாக இருந்த செலினியம்

கோபால்ட்டுக்குப் பின் வந்தது செலினியம். 1930களில் அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில் குளம்பு கழன்று இறந்த மாடுகளின் நோய்க்குக் காரணமான நஞ்சு என்றே இது முதலில் அறியப்பட்டது. 1957இல் கிளாஸ் ஷ்வார்ட்ஸ் என்ற ஆய்வாளர், எலிகளின் கல்லீரல் அழிவைத் தடுக்க இதே பொருள் மிகச் சிறிய அளவில் தேவை என்று கண்டார். நியூசிலாந்தின் பல பகுதிகளில் ஆட்டுக்குட்டிகளின் தசை வெளுத்துப்போவதற்கும், தாய் ஆடுகள் கருவை இழப்பதற்கும் செலினியக் குறைபாடே காரணம் என்பது அதற்கடுத்த சில ஆண்டுகளில் நிறுவப்பட்டது. அமெரிக்காவிலோ, புற்றுநோய் அச்சம் காரணமாக, பன்றி மற்றும் கோழித் தீவனத்தில் இதைச் சேர்க்க 1974இல்தான் அனுமதி கிடைத்தது.

பசுக்களில் இதன் பங்கு பெரும்பாலும் ஈன்ற பிந்தைய நாட்களைச் சார்ந்தது. செலினியமும் ஈ வைட்டமினும் குறைந்த பசுக்களில் நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது அதிகம். அதனால் கருப்பையில் சீழ் பிடித்து அடுத்த சினை தள்ளிப்போகிறது. இவ்விரண்டையும் கொடுத்து அதைக் குறைக்கலாம் என்று அமெரிக்காவின் ஒஹாயோவில் நடந்த ஆய்வுகள் காட்டின. இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. ஒஹாயோவின் பசுக்கள் கொட்டகையில் உலர்ந்த தீவனம் உண்டவை. பச்சைப் புல்லில் ஈ வைட்டமின் தாராளமாக உண்டு. ஒரு நாட்டின் ஆய்வு முடிவை மற்றொரு நாட்டின் விற்பனைத் துண்டறிக்கையில் அச்சிடுவோர் இந்த வேறுபாட்டைக் குறிப்பிடுவது அரிது.

தாமிரத்தின் கதை இன்னும் சிக்கலானது. வைக்காட்டோ வட்டாரத்துக் கரிமச் சதுப்பு நிலங்களில் மாடுகள் ஓயாது கழிந்து மெலிந்தன. புல்லில் தாமிரம் குறைவு, மாலிப்டினம் மிகுதி. மாலிப்டினமும் கந்தகமும் முதல் வயிற்றில் இணைந்து, இருக்கும் சிறிதளவு தாமிரத்தையும் உடலுக்குக் கிடைக்காமல் கட்டிவிடுகின்றன. 'தாமிரம் குறைந்தால் சினை பிடிக்காது' என்ற எளிய வாய்ப்பாடு இதிலிருந்து எழுந்தது. ஆனால் ஸ்காட்லாந்தின் ரோவெட் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் 1987இல் வெளியிட்ட முடிவு அதை அசைத்தது. அவர்கள் கிடாரிகளின் உடலில் தாமிரத்தை இரு வழிகளில் குறைத்தனர்: ஒரு குழுவுக்கு மாலிப்டினம், மற்றொன்றுக்கு இரும்பு. இரண்டிலும் தாமிரம் ஏறத்தாழ ஒரே அளவு குறைந்தது. ஆனால் மாலிப்டினம் உண்ட கிடாரிகளே தாமதமாகப் பருவமடைந்தன, குறைவாகச் சினை பிடித்தன. இரத்தத்தில் தாமிரம் குறைந்திருக்கிறது என்ற ஒற்றைச் சோதனை முடிவைக் கொண்டு ஊசி போடுவது எப்போதும் பலன் தராததற்கு இது ஒரு காரணம்.

தே அரோஹாவின் விவசாயி

கோடையின் பிற்பகுதியில், வெப்பமும் ஈரமும் சேரும்போது, புல்லின் அடிச்சருகில் ஒரு பூஞ்சை பெருகுகிறது. அதன் வித்துக்களிலுள்ள நஞ்சு மாட்டின் கல்லீரலை அழிக்கிறது. கல்லீரல் பழுதானதும், பச்சையம் சிதைந்து உண்டாகும் ஒரு பொருள் வெளியேறாமல் தோலில் தங்கி, வெயில் பட்ட இடமெல்லாம் வெந்து உரிகிறது. பால் குறைகிறது, அடுத்த பருவத்தில் சினை பிடிப்பதும் குறைகிறது. 'முகக் கரப்பான்' என்று அங்கு அழைக்கப்படும் இந்நோயின் பூஞ்சை 1958இல் அடையாளம் காணப்பட்டது. தீர்வு கிடைக்கவில்லை.

1970களில் தே அரோஹா ஊரைச் சேர்ந்த கிளாடிஸ் ரீட் என்ற பெண் விவசாயி, துத்தநாகம் கொடுத்தால் தன் மாடுகள் இந்நோயிலிருந்து தப்புகின்றன என்று கூறினார். அதிகார வட்டாரங்களில் அவருக்குக் கிடைத்தது பெரும்பாலும் ஐயமும் புறக்கணிப்புமே. அவர் விடவில்லை. பின்னர் ஹமில்டன் நகரின் ருவாகுரா ஆய்வு மையம் சோதனைகள் நடத்தி அவர் சொன்னதை உறுதிப்படுத்தியது. 1983இல் அவருக்கு ஓ.பி.ஈ. விருது வழங்கப்பட்டது.

இங்கு துத்தநாகம் குறை தீர்க்கும் சத்தாகக் கொடுக்கப்படவில்லை. நஞ்சின் செயலைத் தடுக்கும் மருந்தாகவே கொடுக்கப்படுகிறது. 450 கிலோ எடையுள்ள பசுவுக்கு நாளொன்றுக்கு 9 கிராம், அதாவது வழக்கமான தேவையைப் போல் ஏறத்தாழ இருபது மடங்கு. இந்த அளவைப் பல வாரங்கள் கொடுத்தால் அது தாமிரத்தைக் குறைக்கும். வேறு தீங்குகளும் உண்டு. எனவே புல்லிலுள்ள வித்துக்களை எண்ணிப் பார்த்து, அபாயம் தொடங்கும்போது கொடுத்து, கடந்ததும் நிறுத்துகிறார்கள். பருவம் முடிந்தபின், இறைச்சிக்கூடத்துக்குச் செல்லும் சில மாடுகளின் கல்லீரலில் தாமிரத்தை அளந்து, மீதி மந்தைக்குத் தாமிரம் வேண்டுமா என்று முடிவு செய்வது அங்கு வழக்கம். அளக்காமல் கொடுத்துத் தாமிரம் மிகுந்து மாடுகள் இறப்பதும் உண்டு.

இத்தனைக்கும் பிறகு, ஒரு பசு சினை பிடிக்காததற்கு மிகப் பொதுவான காரணம் இந்தத் தாதுக்களில் எதுவும் அன்று. ஈன்ற பின் கறக்கும் பாலுக்கு ஈடான ஆற்றலை அதனால் உண்ண இயலாமல், உடலின் கொழுப்பைக் கரைத்து நிற்பதே அக்காரணம். நியூசிலாந்தின் பத்துப் புள்ளி உடல்நிலை அளவையில், ஈனும்போது முதிர்ந்த பசு 5.0, முதல் ஈற்றுக் கிடாரி 5.5 இருக்க வேண்டும் என்கிறார்கள். 4இல் நிற்கும் பசுவுக்கு எந்தக் கலவையும் அந்த ஒரு புள்ளியைத் தராது. அதற்குத் தீவனம் வேண்டும்.

தமிழகத்தில் இரண்டு மாடு வைத்திருப்போரின் நிலைமை வேறு. அங்கு பசுவின் வயிறு பெரும்பாலும் நெல் வைக்கோலால் நிரம்புகிறது. வைக்கோலில் புரதமும் பாஸ்பரசும் குறைவு. உள்ள சுண்ணாம்புச் சத்தின் ஒரு பகுதியை ஆக்சலேட் கட்டிவைக்கிறது. ஆகவே நாளொன்றுக்கு 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை கொடுக்கச் சொல்லும் கால்நடை மருத்துவர்களின் பரிந்துரைக்கு அடிப்படை உண்டு. மண்ணையும் தீவனத்தையும் ஆராய்ந்து வட்டாரத்துக்கு ஏற்ற கலவைகளைத் தயாரிக்கும் முயற்சியை இந்தியாவின் தேசியப் பால்வள வாரியமும் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் மேற்கொண்டு வந்துள்ளன. ஆனால் மூன்று முறை சினை ஊசி போட்டும் பிடிக்காத மாட்டின் உரிமையாளருக்கு ஆய்வகத்தைவிட மருந்துக் கடையே அருகில் இருக்கிறது. அங்கு அவர் வாங்கும் புட்டியின் மேல் எல்லாத் தாதுக்களின் பெயர்களும் வரிசையாக இருக்கும். அவருடைய மாட்டுக்கு அவற்றில் எது இல்லை என்பதை யாரும் அளந்திருக்க மாட்டார்கள்.