கிரவுனின்ஷீல்டு விருது

அமெரிக்காவில் வரலாற்று இடங்களைக் காப்பதில் நெடுங்காலம் உழைத்தோருக்கு வரலாற்றுப் பாதுகாப்புக்கான தேசிய அறக்கட்டளை வழங்கும் உயரிய விருது. அறக்கட்டளையின் தொடக்ககால அறங்காவலர் லூயிஸ் டு பான்ட் கிரவுனின்ஷீல்டின் பெயர் தாங்கியது. 1960இல் முதல் விருதை மவுண்ட் வெர்னன் மகளிர் சங்கம் பெற்றது. அது மிகப் பொருத்தமான தேர்வு. ஆன் பமீலா கன்னிங்காம் 1853இல் தொடங்கிய இச்சங்கம், அரசுகள் வாங்க முன்வராத ஜார்ஜ் வாஷிங்டனின் மவுண்ட் வெர்னன் வீட்டை 1858இல் 2 லட்சம் டாலருக்கு விலைபேசி, நாடெங்கும் நன்கொடை திரட்டி மீட்டது. வாக்குரிமைகூட இல்லாத பெண்கள் செய்த பணி இது.

இத்தகைய விருதுகள் செல்வரின் மாளிகைகளையும், அவற்றைக் காத்த செல்வரையுமே போற்றுகின்றன என்பது வலுவான மறுப்பு. அதில் உண்மை உண்டு. 1799இல் மவுண்ட் வெர்னனில் அடிமைகளாக வாழ்ந்த 317 பேரின் கதை வெகுகாலம் ஓரத்திலேயே கிடந்தது. ஆனால், அம்மண் காக்கப்பட்டிருந்ததால்தான் அடிமைக் குடியிருப்பு ஒன்றின் நிலவறையை 1980களில் அகழ முடிந்தது. அங்கே கிடைத்த எலும்புகளும் பீங்கான் துண்டுகளும் அவர்கள் உண்டதையும் புழங்கியதையும் சொல்கின்றன. எழுதி வைக்க வாய்ப்பில்லாதவர்களுக்குப் பொருள்களே ஆவணம். எனவே குறை பாராட்டில் இல்லை, பாராட்டின் எல்லையில் இருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கரின் வரலாற்று இடங்களுக்கெனத் தனி நிதியத்தை அறக்கட்டளை 2017இல்தான் தொடங்கியது.