உறவில் நிலைத்திருத்தல் (உளவியல்)

பிரிந்துபோக வழியிருந்தும் காதலரும் தம்பதியரும் ஏன் சேர்ந்தே இருக்கிறார்கள் என்பதற்கு உளவியல் தரும் விளக்கங்களில் அதிகம் சோதிக்கப்பட்டது முதலீட்டு மாதிரி. அமெரிக்க உளவியலாளர் கேரில் ரஸ்பல்ட் 1980-இல் இதை முன்வைத்தார். ஜான் திபோவும் ஹெரால்ட் கெல்லியும் 1959-இல் வெளியிட்ட கருத்துகளே இதற்கு அடித்தளம்.

உறவில் கிடைக்கும் நிறைவு, வெளியே வேறு நல்ல வழி தென்படாமை, அதுவரை போட்ட முதல் ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருவரைப் பிணைக்கின்றன என்பது ரஸ்பல்ட்டின் கணக்கு. முதல் என்பது பணம் மட்டுமல்ல. பாபநாசம் அருவி நீரின் விசையை நம்பி ஹார்வி சகோதரர்கள் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய நூற்பாலையை ஒட்டி வளர்ந்த விக்கிரமசிங்கபுரத்தில் ஒரு வீட்டை எண்ணிப் பார்க்கலாம். மில் சம்பளத்தில் சீட்டு எடுத்துக் கட்டிய வீடு அது. மகனின் காலேஜ் பீஸுக்காக மனைவியின் சங்கிலி அடகில் இருக்கிறது. கட்டியதோ அத்தை மகனை. சண்டை முற்றி அவள் அம்பாசமுத்திரத்துக்குப் பஸ் ஏறினாலும், கதவைத் திறக்கும் அப்பா மாமியாரின் கூடப்பிறந்தவர். இரண்டாம் நாளே சமாதானம் பேசி அனுப்பிவைப்பார்கள். ‘பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போறேன்’ என்பதை நாம் தியாகம் என்போம். ரஸ்பல்ட்டுக்கு அதுவும் முதல்தான்.

52 ஆய்வுகளைத் தொகுத்து பெஞ்சமின் லெ, கிறிஸ்டோபர் அக்னியூ ஆகியோர் 2003-இல் வெளியிட்ட பகுப்பாய்வில், பிணைப்பின் ஏற்றத்தாழ்வில் சுமார் மூன்றில் இரண்டு பங்கை இந்த மூன்றும் விளக்கின. அவற்றில் நிறைவின் பங்கே பெரிது. ஆனால் நிறைவு அற்றுப்போன இடத்தில்தான் மாதிரியின் உண்மையான பயன் தெரிகிறது. அடிபட்டுக் காப்பகம் வந்த பெண்களை ரஸ்பல்ட்டும் ஜான் மார்ட்ஸும் 1995-இல் ஆராய்ந்தனர். வேறு போக்கிடம் குறைவாகவும் போட்ட முதல் அதிகமாகவும் இருந்தவர்களே துணைவனிடம் திரும்பும் நிலையில் இருந்தனர். ‘அவளுக்குப் புத்தியில்லை’ என்ற ஊர்ப்பேச்சு இதற்குமுன் நிற்காது.

சேர்ந்தே இருப்பதற்கு வேறொரு விளக்கமும் உண்டு. சிண்டி ஹஸான், பிலிப் ஷேவர் ஆகியோர் 1987-இல் குழந்தைப்பருவப் பற்றுதலை வளர்ந்தோரின் காதலோடு இணைத்தனர். கைவிடப்படுவோம் என்ற அச்சம் சிலரைப் பிடித்துவைக்கிறது என்பது அவ்வழி விளக்கம்.

மணம் அமைந்த விதம் அன்பை மாற்றுகிறதா என்றும் பார்த்திருக்கிறார்கள். 1982-இல் ஜெய்ப்பூரில் 50 தம்பதியரிடம் உஷா குப்தாவும் புஷ்பா சிங்கும் செய்த ஆய்வில், காதல் மணங்களில் அன்பு ஆண்டுகள் செல்லச் செல்லக் குறைந்தது. பெரியோர் முடித்த மணங்களில் கூடியது. எண்ணிக்கை சிறியது என்பதால் இதை மேடையில் முழங்க அவசரம் வேண்டாம்: 2012-இல் அமெரிக்க வாழ் இந்தியரிடம் நடந்த ஆய்வில் இருவகை மணங்களுக்கும் வேறுபாடு தென்படவில்லை.

வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் தமிழ்நாட்டில் 181 என்ற உதவி எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்.