தலைக்கவசமும் பறத்தற் பயிற்சியும்: ஒரு வரலாற்று நோக்கு

பறக்கக் கற்றவரின் வரலாறு வீழ்ந்தவரின் வரலாறுமாகும். பராகிளைடிங் பயிலும் மாணவன் மலைச்சரிவில் தலைக்கவசம் அணிந்து நிற்பது இன்று சாதாரண விதி. ஆயின் அவ்விதியின் பின்னால் ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கால அனுபவம் உண்டு.

சறுக்கற் பறத்தலின் முன்னோடியான ஜேர்மானியர் ஒற்றோ லிலியந்தால், தமது தோட்டத்துத் தாவுபலகையிற் பழகத் தொடங்கி, 1894இல் பேர்லினுக்கு அண்மையில் 15 மீற்றர் உயரமான செயற்கைக் குன்றொன்றை அமைத்தார். படிப்படியாக உயரம் கூட்டும் பயிற்சிமுறை அவரிடமே காணப்படுகின்றது. எனினும், 1896 ஓகஸ்ட் 9இல் வீழ்ந்து கழுத்தெலும்பு முறிந்த அவர் மறுநாள் இறந்தார். அக்காயத்தைத் தலைக்கவசம் தடுத்திராது.

1908 செப்டெம்பர் 17இல் நிகழ்ந்தது வேறுவகையானது. ஓர்வில் ரைற் செலுத்திய விமானம் அமெரிக்காவின் போட் மையரில் வீழ்ந்தபோது, உடன் சென்ற லெப்டினன்ட் தோமஸ் செல்பிரிட்ஜ் மண்டையோடு உடைந்து மாண்டார். அவர் தலையிற் கவசம் இருக்கவில்லை. அதன் பின்னரே அமெரிக்க இராணுவ விமானிகளிடையே தலைக்கவசம் இடம்பெறலாயிற்று.

அனுபவத்தை ஆய்வாக்கியவர் மருத்துவர் ஹியூ கெயர்ன்ஸ். 1935இல் மோட்டார்ச் சைக்கிள் விபத்திற் சிக்கிய டி. ஈ. லோறன்ஸுக்குச் சிகிச்சையளித்தவருள் இவரும் ஒருவர். தலைக்கவசத்தின் பயனை விளக்கும் அவரது கட்டுரை 1941இல் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார்ச் சைக்கிள் தூதுவருக்கு அதனைக் கட்டாயமாக்கியது.

பராகிளைடிங் 1978இல், பிரான்சின் மியேசிக் கிராமத்து மலைச்சரிவிலிருந்து பரசூட் வீரர் மூவர் ஓடிப் பறந்ததோடு வளரலாயிற்று. வான்விளையாட்டுத் தலைக்கவசங்களுக்கெனத் தனி ஐரோப்பிய நியமம் 1996இலேயே வந்தது. மோதலின் வேகத்தைத் தணித்தல், கூரிய பொருள் ஊடுருவாது தடுத்தல், தாடைப்பட்டி கழலாதிருத்தல் ஆகியன அது சோதிப்பவை. உட்புற நுரைப்படை நசுங்கி அதிர்ச்சியை ஏற்கும். ஒருமுறை நசுங்கியது மீண்டும் பயன்படாது. ஆதலால் மோதலுற்ற கவசத்தை மாணவனுக்குக் கொடுப்பது பாதுகாப்பன்று, பாதுகாப்பின் தோற்றமே.

தலைக்கவசம் முள்ளந்தண்டைக் காவாது, வீண் துணிவையே தரும் என்பாருமுளர். லிலியந்தாலின் முடிவு அவர் கூற்றின் முற்பகுதியை மெய்ப்பிக்கின்றது. செல்பிரிட்ஜின் முடிவோ, அதனால் கவசத்தைக் கைவிடலாகாது என்பதை உணர்த்துகின்றது. படிமுறைப் பயிற்சியும் கவசமும் ஒன்றுக்கொன்று ஈடல்ல, இரண்டும் வேண்டும்.

ஆபத்தை அளக்கும் அறிவு புதிதாய்ப் பயில்பவனிடம் இல்லை. தரையில் நிற்கும்போதே காற்று அவனை இழுத்து வீழ்த்தலாம். எனவே, பட்டிகளில் உடலைப் பிணைக்குமுன் தலைக்கவசத்தைப் பூட்டு என ஆசிரியன் கூறும் கட்டளை வெறும் சடங்கன்று. முன்னோர் உயிர்கொடுத்துப் பெற்ற அறிவு, அவ்விலை கொடாமலே மாணவனைச் சேரும் வழி அதுவே.