பீலிக்கரையிலிருந்து குசினிக் குழாய் வரை



நோட்டன் பிரிட்ஜ் என்றவுடன் மின்சாரம் நினைவுக்கு வருதல் இயல்பே. பொறியியலாளர் விமலசுரேந்திர மலைநாட்டு நீர்வலுவின் பயனை விளக்கி 1918 ஆம் ஆண்டிலேயே ஆய்வுரை படித்தார். ஆயினும், கெசல்கமு ஓயாவை இங்கு அணைகட்டி மறித்து, அந்நீரைச் சுரங்கவழியே லக்ஷபானைக்கு இறக்கி மின்சாரம் பெற 1950 ஆம் ஆண்டுவரை காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பெருங்குழாயின் கதை ஏடுகளில் உண்டு. அதே மலைச்சரிவில் லயங்களுக்கு வந்த அரை அங்குலக் குழாயின் கதையை எழுதியவர் குறைவு. இன்று அதனையே பேச விழைகின்றேன்.

தோட்டத்து மக்கள் முதலில் அறிந்தது பீலியையே. ஊற்று நீரை மூங்கில் தப்பையாலோ மரத்தாலோ ஏந்தி விழச் செய்வது பீலி. அதனைச் சூழ்ந்த இடம் பீலிக்கரை. பழந்தமிழில் பீலி என்பது மயிலிறகு. சிங்களத்திலோ 'பீல்ல' என்னும் சொல் நீர்த்தாரைக்கே வழங்குகின்றது. மலையகத்தார் எப்பொருளைக் கொண்டனர் என்பது சொல்லாமலே விளங்கும். பெரட்டுக்குப் புறப்படுமுன், இருள் பிரியாத வேளையில், குடத்தோடு அங்கே வரிசையில் நின்றவர்கள் பெண்களே. பின்னர் பல தோட்டங்களில் ஊற்றருகே தொட்டி கட்டி, நாகம் பூசிய இரும்புக் குழாய் பதித்து, லயத்துக்கொரு பொதுக்குழாய் வைத்தனர்.

அந்தப் பழைய குழாயில் இன்று குசினிக்கென ஒரு புதுக்குழாயைப் பொருத்த முடிகின்றதே, அது எப்படி? 1841 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் யோசப் விட்வேர்த் என்பவர் திருகுபுரிகளுக்குப் பொது அளவு வேண்டுமென்று வாதாடினார். நம் குழாய்களிலுள்ள அங்குலத்துக்குப் 14 புரி என்னும் கணக்கு அவர் வகுத்த புரியின் வழிவந்ததே. ஆகவே பாட்டன் காலத்துக் குழாயும் நேற்று அட்டன் கடையில் வாங்கியதும் ஒன்றோடொன்று பொருந்துகின்றன. தொட்டியின் வால்வை மூடி, நீரை வடித்து, குழாயை அறுத்துப் புரி வெட்டி, 'டீ' என்னும் முக்கிளை இணைப்பை இடுவார்கள். (தேயிலை நாட்டில் இந்தப் பெயர் குழப்பம் தருவதுண்டு!) முன்னாளில் புரிமீது சணல்நாரும் சாயமும், இந்நாளில் ரெஃப்லோன் நாடா, முனையை நோக்கி நின்று வலஞ்சுழியாக. கிளையில் தனி வால்வு ஒன்று அவசியம். இல்லையேல் ஒரு குசினியின் பழுதுக்காக லயம் முழுவதும் நீரின்றி நிற்கும்.

இவ்வளவும் கைவேலை, ஒரு முற்பகலில் முடிந்துவிடும். வில்லங்கம் வேறிடத்தில் உள்ளது. ஏறக்குறைய 33 அடி இறக்கத்துக்கு ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகின்றது. கீழ் லயத்தில் திறந்த குழாய் பாய்ந்து கொட்ட, மேல் லயத்துக் குழாய் காற்றை ஊதும். ஒருவர் வீட்டு வசதி மற்றொருவர் குடத்தை வெறுமையாக்கும். சண்டை அங்கேதான் பிறக்கின்றது.

தீர்த்து வைப்பவர் யார்? காம்பராவில் குடியிருப்போருக்குச் சுவரும் சொந்தமன்று, குழாயும் சொந்தமன்று. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுக்கு வந்தன. 1992 இல் நிருவாகம் மீண்டும் கம்பனிகளிடம் சென்றது. துரைமார் மாறினரேயன்றிக் குழாயில் கைவைக்க அனுமதி கேட்கும் வழக்கம் மாறவில்லை. பிரதேச சபை தன் நிதியைத் தோட்டத்துக்குள் செலவிட 1987 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33 ஆம் பிரிவு தடையாக நின்றது. அது 2018 இலேயே திருத்தப்பட்டது. முப்பத்தொரு ஆண்டுகள்! வாக்களித்த மக்கள் தம் சபையிடம் ஒரு முழக் குழாயும் உரிமையோடு கேட்க இயலாதிருந்தனர்.

இப்போது தனிவீடுகள் எழுகின்றன. அயலிலுள்ள நோர்வூட்டில் 2017 மே மாதம் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 வீடுகளை அறிவித்தார். வீட்டுக்கொரு குசினி என்றால் பழைய ஊற்றின்மேல் எத்தனை 'டீ' ஏறும் என்பதை முன்னரே கணக்கிடுதல் வேண்டும். மாரியில் அளப்பது பயன்படாது. பெப்ரவரி வறட்சியில் 20 லீற்றர் வாளியை ஊற்றின் வாயில் வைத்துக் கடிகாரத்தைப் பாருங்கள். அது 40 விநாடியில் நிறைந்தால் நாளொன்றுக்கு 43,200 லீற்றர். அதனை வீடுகளின் தொகையால் வகுத்துப் பார்த்த பின்னர் குழாயை அறுக்கலாம்.