துவக்குக் குழல்: நீளமும் மரை முறுக்கும் (இலங்கை மலைநாடு)

துவக்குக் குழலின் உட்சுவரில் சுருளாக வெட்டிய பள்ளத்துக்கு மரை என்று பெயர். அந்தப் பள்ளம் ஒரு முழுச் சுற்று சுற்றிவர எடுத்துக்கொள்ளும் தூரம்தான் முறுக்கு. 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் கடும் முறுக்கு. 78 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்றால் தளர்ந்த முறுக்கு. இலங்கைத் தமிழில், கிளைக் கொம்புள்ள பெரிய மலைமானுக்கும் மரை என்றே பெயர் என்பதை இங்கே சொல்லிவிடுவது நல்லது. மலைநாட்டுத் துவக்கின் கதையில் இரண்டு மரையும் வரும். குழல் நீண்டால் குறி தப்பாது என்பது துவக்குப் பிடித்தவர்களிடையே பழைய நம்பிக்கை. வட்டவளை, அட்டன், நுவரெலியா, ஹோட்டன் சமவெளி வட்டாரத்து வேட்டைப் பதிவுகளையும் அக்காலத்து ஆயுதச் சோதனைகளையும் சேர்த்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை பாதிதான் நிற்கிறது. குறியைக் காத்தது குண்டின் நீளத்துக்குப் பொருந்திய முறுக்கு. குழலின் நீளம் கொடுத்தது வேகமும், முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையிலான தூரமும். அவை குறிக்குத் துணை செய்யும், குறியை உண்டாக்குவதில்லை.

கண்டி இராச்சியத்துக் கம்மியர் செய்த துவக்குகள் பிளந்த அடிக்கட்டையும் இடப்பக்கத்தில் பொருத்திய விசையும் கொண்டவை; வெள்ளி, தந்த வேலைப்பாட்டுக்காக இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன; அவை மரையற்ற வழுக்குக் குழல்கள்.

ஆங்கிலேய ஆட்சியின் முதல் அரைநூற்றாண்டிலும் யானை வேட்டைக்குப் பெரும்பாலும் வழுக்குக் குழலே போதுமானதாக இருந்தது. பதுளையில் உதவி அரசாங்க அதிபராக இருந்த மேஜர் தோமஸ் ரோஜர்ஸ் கொன்ற யானைகளின் தொகையைச் சிலர் 1,300 என்பர், சிலர் 1,400க்கு மேல் என்பர். இரண்டில் எது சரியானாலும், பெரும்பாலானவை காட்டுக்குள் ஒரு சில பாகத் தூரத்தில் நெற்றியைப் பார்த்து விழுந்த வெடிகள். அந்தத் தூரத்தில் மரையும் நீளமும் பேச்சுக்கே வராது. கை நடுங்காமல் இருந்தால் போதும். ரோஜர்ஸ் 1845இல் அப்புத்தளையில் இடி விழுந்து இறந்தார்; நுவரெலியாவில் அடக்கம் செய்யப்பட்டார்.

இந்த வரலாற்றில் மிக விரிவாக எழுத்தில் நிற்பது சாமுவேல் பேக்கரின் காலம். அவர் இலங்கைக்கு முதலில் வந்தது 1845 என்றும் 1846 என்றும் இருவகையாகச் சொல்லப்படுகிறது. 1848இல் நுவரெலியாவில் பண்ணை அமைத்துக் குடியேறி, 1855 வரை இருந்தார். பின்னாளில் நைல் நதியின் ஊற்றைத் தேடி ஆபிரிக்கா போனவர் இவரே. 1840இல், இருபது வயதுகூட நிரம்பாத நாளில், பிரிஸ்டல் நகரத்து கிப்ஸ் என்ற துவக்குக் கம்மியரிடம் தம் சொந்தத் திட்டப்படி ஒரு துவக்கு செய்வித்தார். எடை 21 இறாத்தல், ஏறத்தாழ ஒன்பதரைக் கிலோ. குழல் 36 அங்குலம். இரண்டே பள்ளம், ஆனால் ஆழமானவை. குழலின் முழு நீளத்துக்கும் ஒரு சுற்று. குண்டு 3 அவுன்ஸ், அதன் இடுப்பைச் சுற்றி ஒட்டியாணம் போல ஒரு பட்டை. அந்தப் பட்டை இரண்டு பள்ளத்திலும் அமர்ந்து குண்டைத் திருப்பிக்கொண்டு போகும். போட்ட மருந்து 16 திராம், அதாவது ஓர் அவுன்ஸ்: குண்டின் எடையில் மூன்றில் ஒரு பங்கு. அக்காலத்தில் யாரும் நினைத்துப் பார்க்காத விகிதம் அது. கூம்புக் குண்டு போட்டால் எடை 4 அவுன்ஸ். இலங்கையில் இத்துடன் ஒரு நீண்ட 2 அவுன்ஸ் ஒற்றைக்குழலும், ஒவ்வொன்றும் 15 இறாத்தல் எடையுள்ள நான்கு இரட்டைக்குழல்களும் வைத்திருந்தார். வழுக்குக் குழலை அவர் ஒரு பொருட்டாகவே எண்ணவில்லை.

இந்தத் துவக்கில் 36 அங்குலம் எதற்கு? கரும்மருந்து மெதுவாக எரியும்; ஓர் அவுன்ஸ் மருந்தின் புகை குண்டைத் தள்ளி முடிக்க இடம் வேண்டும். குட்டைக் குழலில் அதில் ஒரு பகுதி வாயில் தீச்சுவாலையாகவே வீணாகும். ஆகவே பேக்கரின் நீளம் முதலில் வேகத்துக்கான நீளம். வேகம் கூடினால் குண்டு தாழ்ந்து விழுவது குறையும். தூரத்தைத் தவறாக மதிப்பிட்டாலும் தாக்கம் அதிகம் பிசகாது. இது குறிக்கு உதவிதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அதே மருந்தை வழுக்குக் குழலில் எத்தனை நீளத்துக்குப் போட்டு வெடித்தாலும் உருண்டைக் குண்டு தன் போக்கில் விலகும். அதை நேராக நிறுத்தியது இடுப்புப் பட்டையும் இரு பள்ளமும். பட்டைக் குண்டைப் பற்றியே இருவேறு கருத்து உண்டு. 1830களின் இறுதியில் பிரித்தானியப் படைக்கு வந்த பிரன்ஸ்விக் துவக்கும் இரண்டு பள்ளமும் பட்டைக் குண்டும் கொண்டதே; 30 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சில வெடிக்குப் பின் கரி படிந்து குண்டை உள்ளே இடிப்பது பெரும்பாடு என்று அதைப் பற்றிப் புகார் எழுந்தது. பேக்கரோ தம் இரு பள்ளத் துவக்குகளை வாழ்நாள் முழுதும் மெச்சினார். ஆற அமர நின்று வெடிவைக்கும் வேட்டைக்காரனுக்கும் அணியில் நின்று அடுத்தடுத்து வெடிவைக்கும் சிப்பாய்க்கும் உள்ள வேறுபாடு இதில் பாதியையாவது விளக்கும்.

இன்னொரு செய்தியும் இங்கே சேரும்: இத்தனை பெரிய துவக்குகளை வைத்திருந்தவர் நுவரெலியா மலையில் மரை வேட்டைக்குப் போகும்போது கொண்டுபோனது நாய்க் கூட்டமும் இடுப்பில் ஒரு வேட்டைக் கத்தியும்தான். துவக்குகள் யானைக்கும் எருமைக்குமாகத் தாழ்நாட்டுக்குப் போயின. மலைக் காட்டில் பார்வை சில யாருக்குள் முட்டிவிடும். நாய்கள் ஆற்றுப் பாறையில் மரையை மடக்கும்போது நாய்க்குப் படாமல் சுடவும் முடியாது. மழையும் விடாது. நாவலப்பிட்டியிலிருந்து அட்டனுக்கு ஏறும் பாதையிலுள்ள வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீற்றர் அளவில் இருக்கும். கரும்மருந்தின் உப்புக்கரி அந்த ஈரத்தை உறிஞ்சி ஒரே இரவில் பள்ளத்தில் துரு ஏற்றிவிடும். துருப் பிடித்த மரை எந்த முறுக்கானாலும் குண்டைச் சரியாகப் பிடிக்காது.

பேக்கரின் 36 அங்குல முறுக்குக்கு எதிர்வாதம் இந்தியாவிலிருந்து வந்தது. நடு இந்தியக் காடுகளில் வேட்டையாடிய ஜேம்ஸ் ஃபோர்சைத், 1863இல் வெளியான தம் நூலில், உருண்டைக் குண்டுக்கு மிகத் தளர்ந்த முறுக்கே வேண்டும் என்று வாதாடினார். அவர் பரிந்துரைத்தது ஏறத்தாழ 100 அங்குலத்துக்கு ஒரு சுற்று. கடும் முறுக்கில் நிறைய மருந்து போட்டால் ஈயக் குண்டு பள்ளத்தில் திரும்பாமல் தோல் உரிந்து நேரே பாயும், சுழலாது என்பது அவர் காரணம். கணக்கு அவர் பக்கம் சாய்கிறது. வுல்விச்சில் கற்பித்த கிரீன்ஹில் 1879இல் ஒரு விதி தந்தார்: குண்டின் விட்டத்தை அதே விட்டத்தால் பெருக்கி, மேலும் 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால் தேவையான முறுக்கு கிடைக்கும். நீள்குண்டுக்கான அந்த விதியை உருண்டைக்கு நீட்டிப் பார்ப்பது முற்றிலும் முறையல்ல. ஆயினும் 3 அவுன்ஸ் ஈய உருண்டையின் விட்டம் சுமார் 0.96 அங்குலம், விடை 144. பேக்கரின் முறுக்கு தேவைக்கு நான்கு மடங்கு கடுமை. அவர் தப்பியது பட்டையால்: பட்டை பள்ளத்தைக் கவ்விக்கொண்டதால் குண்டு உரியவில்லை. ஃபோர்சைத் முறுக்கைத் தளர்த்தித் தீர்த்ததை இவர் குண்டை மாற்றித் தீர்த்தார். முறுக்குக்கும் குண்டுக்கும் பொருத்தம் வேண்டும் என்பதை இருவருமே ஒப்புக்கொண்டதாகத்தான் கொள்ளவேண்டும். நீளத்தைத் தனியே பிரித்துக் காட்டும் சான்று 1857இல் இங்கிலாந்தில் நடந்த சோதனை. என்ஃபீல்டு துவக்கின் முறுக்கு 78 அங்குலம். ஜோசப் விட்வொர்த்தின் அறுகோணக் குழலில் 20 அங்குலம், துளையும் சிறிது. 500 யார் தூரத்தில் என்ஃபீல்டின் சராசரி விலகல் 2.24 அடி, விட்வொர்த்துடையது 0.37 அடி. இரண்டும் நெடுங்குழல்களே; இந்த வேறுபாட்டை நீளத்தின் கணக்கில் எழுத முடியாது.

கோப்பி அழிந்து தேயிலை வந்த பின், 1900இல், கண்டியைத் தலைமையிடமாகக் கொண்டு தோட்டத் துரைமாரின் ரைபிள் படை அமைந்தது. ஐரோப்பியத் துரைமாருக்கு மட்டுமான படை. லயத்து மனிதருக்கு அதில் இடமில்லை. 1914இல் அதன் ஒரு பிரிவு எகிப்துக்குப் போய், பின் கலிப்பொலியில் ஜெனரல் பேர்ட்வுட்டின் காவலாகவும் நின்றது. அக்காலப் பிரித்தானியப் படையில் பெரிய விவாதம் குழலின் நீளம் பற்றியது: பழைய லீ-என்ஃபீல்டின் 30.2 அங்குலக் குழலை 1903இல் 25.2 ஆகக் குறைத்தார்கள். போட்டிச் சுடுநர் பலர், குறி கெட்டது என்று கொதித்தார்கள். முறுக்கோ மாறவில்லை: 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று, இடப்புறமாக. 1910இல் வந்த கூர்முனைக் குண்டின் நீளம் ஏறத்தாழ 1.28 அங்குலம், கிரீன்ஹில் விதிப்படி 11 சொச்சம் போதும், இருந்தது 10. எனவே குண்டு நேராகவே பறந்தது. சுடுநர் சொன்னதிலும் உண்மை இருந்தது, ஆனால் அது கண்ணின் கணக்கு. இரு குறிகளுக்கும் இடையே 25 அங்குலம் இருக்கையில் அங்குலத்தில் நூறில் ஒரு பங்கு பிசகினால், 100 யாரில் 1.44 அங்குலம் விலகும். 20 அங்குலமே இருந்தால் 1.8. தொலைநோக்கி பொருத்தினால் அந்த வேறுபாடு மறைந்துவிடும். தடிப்பு ஒன்றானால் குட்டைக் குழல் விறைப்பானது, அதிர்வும் குறைவு.

எதிர்ச்சான்றாக அடிக்கடி காட்டப்படுவது 1944இல் ஆசியக் காடுகளுக்கென வந்த, லீ-என்ஃபீல்டின் குட்டை வடிவமான ‘ஜங்கிள் கார்பைன்’. குழல் ஏறத்தாழ 19 அங்குலம். சரிப்படுத்திய குறி நாளுக்கு நாள் நகர்கிறது என்று அதன்மேல் குற்றச்சாட்டு. எடை குறைக்க உலோகத்தைச் செதுக்கியதால் உடல் வளைகிறது என்றனர் சிலர். உற்பத்தியை நிறுத்த அதிகாரிகள் கண்டுபிடித்த சாக்கு என்றனர் வேறு சிலர். இரு தரப்பும் நீளத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லை.

துரைமார் படை 1949இல் கலைக்கப்பட்டது. பின்னர் இலங்கைப் படைகளின் கையில் பரவிய சீனத்து ரி-56 துவக்கின் குழல் ஏறத்தாழ 415 மில்லிமீற்றர், முறுக்கு 240 மில்லிமீற்றருக்கு ஒரு சுற்று. தோட்டங்களில் பன்றிக்கு வைக்கும் கட்டுத்துவக்கு சட்டவிரோதமானது. மரையற்ற வெறும் இரும்புக் குழாய், குறி பார்க்க ஆளும் இல்லை.