வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா? தடுமாறிய இரண்டு பிட்ச்சர்களின் கதை

1/
இன்று கொஞ்சம் விளையாட்டு வரலாறு பேசலாம் மக்களே. நமக்குப் பழக்கமில்லாத பேஸ்பால். ஆனா கேள்வி நம்ம எல்லாருக்கும் பழக்கமானதுதான்.

உங்கள் அணியில் 24 வயதுப் பந்துவீச்சாளர் ஒருவர் இருக்கிறார். அசுர வேகம். ஆனால் பந்து எங்கே போகும் என்று அவருக்கே தெரியாது. வருஷக்கணக்கா காத்திருந்தாச்சு. ஜெயித்ததைவிடத் தோற்றதே அதிகம்.

இவரை வைத்துக்கொள்வீங்களா? வேறு அணிக்குக் கொடுத்துட்டு ஒரு நல்ல ஆட்டக்காரரை வாங்குவீங்களா?

2/
முதலில் ஒரு சின்ன விளக்கம்.

பேஸ்பாலில் பந்து வீசுபவர் பிட்ச்சர். மட்டைக்காரருக்கு எட்டும்படியான ஒரு குறிப்பிட்ட பரப்புக்குள் பந்து போக வேண்டும். வெளியே போன பந்தை மட்டைக்காரர் அடிக்க முயலாமல் விட்டுவிட்டால், அது நம்ம ஊர் வைட் மாதிரி. அப்படி நாலு பந்து போனால் மட்டைக்காரர் அடிக்காமலே முதல் பேஸுக்கு நடந்து போகலாம். அதற்குப் பெயர் "வாக்".

மூன்று ஸ்ட்ரைக் விழுந்தால் மட்டைக்காரர் அவுட். அது "ஸ்ட்ரைக்அவுட்".

இந்த ரெண்டு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. போதும்.

3/
முதல் ஆள் சாண்டி கோஃபாக்ஸ். நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்தவர். இடக்கை வீச்சாளர். 1954 டிசம்பரில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி அவரை எடுத்தது. 14,000 டாலர் போனஸ், 6,000 டாலர் சம்பளம்.

இங்கேதான் சிக்கலே ஆரம்பம்.

அன்றைய விதிப்படி 4,000 டாலருக்கு மேல் போனஸ் வாங்கிய புதுப் பையனை இரண்டு வருடத்துக்குக் கீழ்நிலை லீக்குக்கு அனுப்பக் கூடாது. பெரிய அணியிலேயே வைத்திருக்க வேண்டும். பணக்கார அணிகள் காசை வீசி இளைஞர்களை வளைத்துப் போடுவதைத் தடுக்க வந்த விதி இது.

4/
விளைவு என்ன? 19 வயதுப் பையன் கத்துக்க வேண்டிய இடத்துக்குப் போகவே முடியல. பெரிய அணியிலோ ஆட வாய்ப்பு இல்லை. பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் வருடம் முழுக்க அவர் வீசியது 41 இன்னிங்ஸ் சொச்சம்தான்.

இன்னொரு வேடிக்கை. அவருக்கு இடம் கொடுக்க 1955இல் அணியிலிருந்து கீழே அனுப்பப்பட்டவர் டாமி லசோர்டா என்ற பிட்ச்சர். பிற்காலத்தில் அதே டாட்ஜர்ஸுக்கு இருபது வருடம் மேனேஜராக இருந்தவர்!

5/
1955 முதல் 1960 வரை கோஃபாக்ஸின் கணக்கு: 36 வெற்றி, 40 தோல்வி. சுமார் 692 இன்னிங்ஸில் 405 வாக். அதாவது ஒன்பது இன்னிங்ஸுக்கு ஐந்துக்கும் மேல்.

ஆனால் அதே காலத்தில் 683 ஸ்ட்ரைக்அவுட். கிட்டத்தட்ட இன்னிங்ஸுக்கு ஒன்று. அந்தக் காலத்துக்கு இது சாதாரண எண் இல்லீங்க. 1959 ஆகஸ்டில் ஒரே ஆட்டத்தில் 18 பேரை ஸ்ட்ரைக்அவுட் செய்திருக்கிறார்.

நோயாளி படுத்திருக்கார், ஆனா நாடி நல்லா ஓடுது. அப்படி ஒரு நிலைமை.

6/
1960இல் கோஃபாக்ஸே நொந்துபோனார். வாய்ப்பு கொடுக்கிற அணிக்கு என்னை மாற்றிவிடுங்கள் என்று ஜெனரல் மேனேஜர் பஸ்ஸி பவாஸியிடம் கேட்டார். பவாஸி மறுத்துவிட்டார்.

அந்தக் காலத்தில் ஆட்டக்காரருக்குச் சொந்த விருப்பம் என்று ஒன்று கிடையாது. ஒப்பந்தத்தில் இருந்த "ரிசர்வ்" பிரிவின்படி, அணி விடுவிக்கும் வரை அவர் அந்த அணிக்கே சொந்தம். வைத்திருப்பதும் விற்பதும் முதலாளி இஷ்டம். அந்தப் பிரிவின் பிடி தளர்ந்தது 1975 டிசம்பரில்தான்.

சீசன் முடிந்ததும் கோஃபாக்ஸ் தன் கிளவுஸ், ஷூ எல்லாவற்றையும் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். அணியின் உடைமைகளைப் பார்த்துக்கொள்ளும் நோபி கவானோ அவற்றை எடுத்துப் பத்திரமாக வைத்தார்.

7/
1961 வசந்த காலம். ஃப்ளோரிடாவில் ஒரு சாதாரணப் பயிற்சி ஆட்டம். வழக்கம்போல ஆரம்பத்திலேயே வாக் மேல் வாக்.

கேட்ச்சர் நார்ம் ஷெர்ரி எழுந்து வந்தார். அவர் சொன்னதன் சாரம்: முழு பலத்தையும் போட்டு வீசாதே, கொஞ்சம் குறைத்து வீசு, வளைபந்தும் கலந்து போடு.

கோஃபாக்ஸ் குறைத்து வீசினார். வேகம் குறைஞ்ச மாதிரியே தெரியல. பந்து மட்டும் போக வேண்டிய இடத்துக்குப் போச்சு. அன்று வீசிய ஏழு இன்னிங்ஸிலும் எதிரணிக்கு ஒரு ஹிட் கூட இல்லை.

8/
இதை மாயாஜாலம் மாதிரி சொல்வாங்க. ஒரே பேச்சில் எல்லாம் மாறிடுச்சுன்னு. அப்படி இல்லை.

வீசும்போது தலையைப் பின்னால் தள்ளுவதால் இலக்கே கண்ணுக்கு மறைகிறது என்று ஒரு ஸ்கவுட் கண்டுபிடித்துச் சொன்னார். முதல் பந்தை ஸ்ட்ரைக்காகப் போட்டால் என்ன பலன் என்று அணியின் புள்ளிவிவரக்காரர் ஆலன் ராத் எண்களைக் காட்டினார். அவர் அதிக இன்னிங்ஸ் வீசவும் ஆரம்பித்தார்.

காரணம் கண்டுபிடித்து, அதற்கேற்ற சிகிச்சை, தேவையான டோஸில் கிடைத்தது. அவ்வளவுதான்.

9/
1961: 18 வெற்றி, 269 ஸ்ட்ரைக்அவுட். நேஷனல் லீக்கில் 1903 முதல் நின்ற சாதனை உடைந்தது.

1963: 25 வெற்றி, 5 தோல்வி. 311 இன்னிங்ஸில் வெறும் 58 வாக்! மூணே வருஷம் முன்னாடி 175 இன்னிங்ஸில் 100 வாக் கொடுத்த அதே கை.

1965: 382 ஸ்ட்ரைக்அவுட். ஒருத்தரைக்கூட பேஸுக்கு விடாத "பெர்ஃபெக்ட் கேம்" ஒன்று.

1961 முதல் 1966 வரை 129 வெற்றி, 47 தோல்வி.

வைத்துக்கொண்டது சரி. கதை முடிஞ்சுது. இல்லையா? இருங்க.

10/
இரண்டாவது ஆள் நோலன் ரயன். டெக்சாஸ்காரர். நியூயார்க் மெட்ஸ் அணி.

1971 முடிவில் அவருக்கும் வயது 24. கணக்கு: 29 வெற்றி, 38 தோல்வி. 510 இன்னிங்ஸில் 344 வாக். அதாவது கோஃபாக்ஸைவிட மோசம். ஆனால் 493 ஸ்ட்ரைக்அவுட். மறுபடியும் இன்னிங்ஸுக்கு ஒன்று.

இராணுவ ரிசர்வ் பணிக்காக இடையிடையே போக வேண்டியிருந்தது. விரலில் கொப்புளம் வேறு. அதற்கு மெட்ஸ் அணி செய்த வைத்தியம் தெரியுமா? ஊறுகாய்த் தண்ணியில் விரலை ஊறவைப்பது! தோல் கெட்டிப்படுமாம்.

11/
கிட்டத்தட்ட ஒரே வயது, ஒரே வியாதி, ஒரே நாடித்துடிப்பு.

மெட்ஸ் எடுத்த முடிவு வேறு. 1971 டிசம்பர் 10 அன்று ரயனையும் இன்னும் மூன்று இளைஞர்களையும் கலிஃபோர்னியா ஏஞ்சல்ஸுக்குக் கொடுத்துவிட்டு, ஜிம் ஃப்ரகோசியை வாங்கினார்கள். ஃப்ரகோசி ஆறு முறை ஆல்-ஸ்டார் ஆனவர். ஆனால் அந்த வருடம் காலில் கட்டிக்கு அறுவை சிகிச்சை ஆகி, ஆட்டமும் சரிந்திருந்தது.

ஃப்ரகோசி பயிற்சியிலேயே கட்டைவிரலை உடைத்துக்கொண்டார். 1972இல் ஐந்தே ஹோம் ரன். 1973 நடுவில் அவரையும் விற்றுவிட்டார்கள்.

12/
ரயன்? 1972இல் 19 வெற்றி, 329 ஸ்ட்ரைக்அவுட். 1973இல் 383. கோஃபாக்ஸின் 382ஐ ஒன்றே ஒன்றில் தாண்டினார்.

அதே 1973 மே மாதம் முதல் "நோ ஹிட்டர்". அன்று அவருக்கு கேட்ச்சர் ஜெஃப் டோர்போர்க். 1965இல் கோஃபாக்ஸின் பெர்ஃபெக்ட் கேமுக்கும் அவரேதான் கேட்ச்சர்! ரெண்டு பேரோட பந்தும் எவ்வளவு வலிக்கும்னு தெரிஞ்ச கை அது.

இன்னொன்றையும் கவனிங்க. ரயனுக்குக் கட்டுப்பாடு வரவே இல்லை. 1974இல் 202 வாக் கொடுத்தார், ஆனாலும் 22 ஆட்டம் ஜெயித்தார். கோஃபாக்ஸுக்கு வியாதி குணமானது. ரயன் வியாதியோடவே வாழக் கத்துக்கிட்டார். ரெண்டும் வேற வேற குணம்.

13/
அப்ப பவாஸி மேதை, மெட்ஸ்காரர்கள் முட்டாள்கள். சரிதானே?

இப்ப கதையில் ஒரு திருப்பம்.

1979இல் ஏஞ்சல்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் யார் தெரியுமா? அதே பஸ்ஸி பவாஸி! அந்த வருடம் ரயனின் கணக்கு 16 வெற்றி, 14 தோல்வி. ஒப்பந்தம் முடிந்தது. 8 வெற்றி, 7 தோல்விக்காரர்கள் இருவரைப் பிடித்தால் கணக்கு சரியாகிவிடும் என்ற பொருளில் பேசி, ரயனைப் போகவிட்டார்.

14/
ரயன் ஹூஸ்டனுக்குப் போனார், பிறகு டெக்சாஸ் ரேஞ்சர்ஸ். இன்னும் 14 சீசன். 157 வெற்றி, 2,805 ஸ்ட்ரைக்அவுட், மூன்று நோ ஹிட்டர். 1993இல் 46 வயதில் ஓய்வு பெறும்போது மொத்தம் 5,714 ஸ்ட்ரைக்அவுட். இன்று வரை யாரும் தொடவில்லை.

கோஃபாக்ஸை விடாமல் பிடித்துவைத்த அதே மனிதர்தான் ரயனை விட்டார்.

அதனால ஆளை வெச்சு "இவர் கெட்டிக்காரர், அவர் ஏமாளி"ன்னு தீர்ப்பு எழுதாதீங்க. முடிவு எடுக்கிற நேரத்தில் என்ன தெரிந்திருந்தது, என்ன பார்த்திருக்கணும், இதுதான் கேள்வி.

15/
மறுபக்கத்தையும் சொல்லணும்.

கோஃபாக்ஸுக்கு ஒரு வருடம் முன்பு, 1954இல், அதே டாட்ஜர்ஸில் கார்ல் ஸ்பூனர் என்ற இடக்கைக்காரர் வந்தார். முதல் இரண்டு ஆட்டத்தில் 27 ஸ்ட்ரைக்அவுட்! இரண்டிலும் எதிரணிக்கு ஒரு ரன் கூட இல்லை. அடுத்த வருடம் தோள் கெட்டது. அணி காத்திருந்தது. 1955க்குப் பிறகு அவர் மேஜர் லீக்கில் ஆடவே இல்லை.

காத்திருந்தால் எல்லாரும் கோஃபாக்ஸ் ஆகிவிட மாட்டார்கள். குணமானவர்களின் கதைதான் நம் காதுக்கு வரும்.

16/
அப்போ எப்படித்தான் முடிவெடுப்பது? ஒரு மருந்து வேலை செய்யலைன்னு நிறுத்துவதற்கு முன்னாடி நாங்க கேட்கிற கேள்விகளையே இங்கேயும் கேட்கலாம்.

ஒன்று: அடிப்படை நல்லா இருக்கா? வேகமும் ஸ்ட்ரைக்அவுட்டும் இருவருக்கும் குறையவே இல்லை.

இரண்டு: சரியான டோஸ் கொடுத்தோமா? பெஞ்சில் உட்கார வைத்த நாட்களை "ஆறு வருஷம் வாய்ப்பு கொடுத்தோம்" என்று கணக்குக் காட்டக் கூடாது.

மூன்று: சரிசெய்யக்கூடிய காரணம் இருக்கா? தலை சாய்வது, கொப்புளம், அதிக பலம்.

நான்கு: மாற்று மருந்து உண்மையிலேயே மேலானதா? மெட்ஸ் வழுக்கியது இங்கேதான். ஃப்ரகோசியின் பழைய பேரைப் பார்த்தாங்க, அன்றைய காலைப் பார்க்கல.

ஐந்து: உள்ளே காயம் இருக்கா? ஸ்பூனர் விஷயத்தில் இந்த ஒன்றே மற்ற நாலையும் தோற்கடித்துவிட்டது.

17/
ஆறாவது கேள்வியும் ஒன்று உண்டு. அணிகள் கேட்காத கேள்வி. வைத்துக்கொண்டால், அதற்கு விலை கொடுப்பது யார்?

1964 ஆகஸ்டில் பேஸுக்குச் சறுக்கித் திரும்பும்போது கோஃபாக்ஸின் முழங்கை அடிபட்டது. மருத்துவர் ராபர்ட் கெர்லன் சொன்னது, காயத்தால் வந்த மூட்டுத் தேய்மானம். கையின் பயன்பாடே போகலாம் என்றும் எச்சரித்தார்.

அதற்கப்புறம்தான் 1965இல் 335 இன்னிங்ஸ், 1966இல் 323!

18/
எப்படி வீசினார்? மூட்டுக்குள் கார்ட்டிசோன் ஊசி. வீக்கத்துக்கு ஃபினைல்பியூட்டசோன் மாத்திரை. குதிரைகளுக்கு இன்றும் கொடுக்கிறார்கள். மனிதர்களுக்கு எலும்பு மஜ்ஜையையே பாதிக்கலாம் என்பதால் பெரும்பாலான நாடுகளில் கைவிட்டுவிட்டோம். ஆட்டத்துக்கு முன் மிளகாய்க் காரத்தில் செய்த களிம்பு. ஆட்டம் முடிந்ததும் ஐஸ் தண்ணியில் கை.

1966இல் 27 வெற்றி. அந்த நவம்பரில், 30 வயதில், உச்சத்தில் இருக்கும்போதே ஓய்வு அறிவித்தார். பேஸ்பாலுக்குப் பிறகு வாழ வேண்டிய வருடங்கள் நிறைய இருக்கு, அதை முழு உடம்போடு வாழணும் என்பதே அவர் சொன்ன காரணம்.

1960இல் அவர் விருப்பத்தை யாரும் மதிக்கல. 1966இல் யாரிடமும் கேட்கல, தானே முடிவெடுத்தார்.

19/
1974இல் கெர்லனின் கூட்டாளி மருத்துவர் ஃப்ராங்க் ஜோப், டாமி ஜான் என்ற பிட்ச்சரின் கிழிந்த முழங்கைத் தசைநாருக்குப் பதிலாக மறுகையின் தசைநாண் ஒன்றை எடுத்துவைத்துத் தைத்தார். ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்து திரும்பி வந்த ஜான், அதற்குப் பிறகு மட்டும் 164 ஆட்டம் ஜெயித்தார்.

இங்கேயும் மருந்து பாதி, அவகாசம் பாதி.

20/
உங்கள் கீழே வேலை பார்க்கிறவர், உங்கள் பிள்ளை, நீங்கள் பயிற்சி கொடுக்கிற மாணவர், யாராவது தடுமாறலாம். "இது தேறாது"ன்னு சொல்றதுக்கு முன்னாடி அந்த ஐந்து கேள்வியைக் கேளுங்க. "இரு, தேறிடும்"னு பிடிச்சு வெக்கிறதுக்கு முன்னாடி ஆறாவதைக் கேளுங்க. முடிஞ்சா அவங்ககிட்டயே கேளுங்க.

உங்களுக்குத் தெரிந்த கோஃபாக்ஸ், ரயன் கதைகள் இருந்தால் கீழே எழுதுங்க.