ரிப்போர்ட்டில் வந்த நாலு

இந்த மலரில் குழு தொடங்கின கதையைப் பலர் எழுதியிருப்பீங்க. நான் ஒரு காகிதத்தோட கதையை எழுதுகிறேன். மார்பகத்தை எக்ஸ்ரே எடுக்கிற மேமோகிராம் ரிப்போர்ட்தான் அது.

முன்பெல்லாம் ஒவ்வொரு டாக்டரும் அதை அவரவர் வார்த்தையில் எழுதினார்கள். படம் பார்த்தவர் எழுதினது வைத்தியம் பார்க்கிறவருக்கே குழப்பமாக இருந்தது. அதனால் அமெரிக்க ரேடியாலஜி டாக்டர்கள் சங்கம் 1993ல் ‘பைராட்ஸ்’ என்ற எண் முறையைக் கொண்டு வந்தது. இன்று நம்ம ஊர் ரிப்போர்ட்டின் கடைசியிலும் அந்த எண் இருக்கும்.

0 என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தம் இல்லை. இந்தப் படம் போதாது, இன்னும் பார்க்கணும் என்று அர்த்தம். 1, 2 வந்தால் பயமில்லை. 3 பெரும்பாலும் சாதாரணக் கட்டி. ஆறு மாதத்தில் மறுபடி பார்க்கச் சொல்வார்கள். 4 சந்தேகம், ஊசியால் சதை எடுத்துச் சோதிக்கணும். 5ல் சந்தேகம் ரொம்ப அதிகம்.

இந்த 4ல்தான் வம்பே. எங்க குழு அக்கா ஒருத்தருக்கு 4 வந்ததும், “நாலாவது ஸ்டேஜாம்” என்று வீடே அழுதது. இனி செலவு பண்ணி என்ன ஆகப்போகுது என்றுகூடப் பேசிட்டாங்க. ஸ்டேஜ் என்பது வேறு கணக்கு. 1940களில் பியர் டெனுவா என்ற பிரெஞ்சு டாக்டர் ஆரம்பித்த முறை அது. கட்டி எவ்வளவு பெரிசு, அக்குள் நெறிக்குப் போயிருக்கா, வேறு உறுப்புக்குப் பரவியிருக்கா என்று பார்ப்பது. புற்றுநோய் என்று உறுதியான பிறகுதான் ஸ்டேஜ் சொல்வார்கள். பைராட்ஸ் 4 வந்த பலருக்குச் சதைச் சோதனையில் புற்றுநோய் இல்லை என்றே வரும். ஒரு நர்ஸம்மா இதை விளக்கின பிறகுதான் அக்கா சோதனைக்குப் போனார். சின்னக் கட்டியிலேயே கண்டுபிடித்து ஆபரேஷன் ஆச்சு. இப்போது கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிறது அவர்தான்.

அந்த எண்கள் டாக்டருக்கு டாக்டர் பேசிக்கொள்ள வந்தவை. நோயாளிக்கும் புரியணும் என்று 1998ல் அமெரிக்காவில் சட்டத்தைத் திருத்தினார்கள். மேமோகிராம் எடுத்த ஒவ்வொரு பெண்ணுக்கும் முடிவை எளிய பேச்சில் எழுதி, 30 நாளுக்குள் அனுப்பணும். என்னைக் கேட்டால் மெஷினைவிட இந்தக் கடிதம்தான் பெரிய விஷயம்.

நம்ம கைக்கு வருவது பெரும்பாலும் இங்கிலீஷ் ரிப்போர்ட். அதனால் எங்க குழுவில் யாரும் அதை வாங்கத் தனியாகப் போறதில்லை, கூட ஒருத்தர் போவோம். இது பைராட்ஸ் எண்ணா, ஸ்டேஜா? அடுத்து என்ன சோதனை? எந்தத் தேதிக்கு வரணும்? கேட்டு, பதிலை ரிப்போர்ட்டின் பின்பக்கம் தமிழில் எழுதிக்கொண்டுதான் பஸ் ஏறுவோம்.